பூஜையில் வைத்த முட்டுக்கட்டை

செய்தி வந்தபோது மணி ஐந்தே கால். ஆயுத பூஜை நாள். மஞ்சுளா வெண்ணந்தூர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, காலையில் பட்டறையில் படைத்த பொரிகடலையை அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதற்காகச் சின்னச் சின்னக் கவர்களில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். செல்போனில் டிப்பர் டிரைவர் சின்னராஜ் பேர் வந்தது. எடுத்தால் பேச்சில்லை. யாரோ மூச்சு வாங்குவதும் பின்னால் நாலைந்து பேர் கத்துவதும்தான் கேட்டன.

“சின்னராசு, என்னப்பா?”

போன் அவன் முதலாளியின் கைக்கு மாறியது.

“அம்மிணி, நான் அர்த்தநாரி பேசறேன். தயாளனுக்கு லேசா அடிபட்டிருக்குது. பதறாத. ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். நேரா அங்க வந்துரு.”

‘லேசா’ என்ற அந்தச் சொல்லை மஞ்சுளா இன்றுவரை மறக்கவில்லை. அர்த்தநாரி அதைச் சொன்ன நேரத்தில் அவள் புருஷன் தீனதயாளன் டிப்பர் லாரியின் அடியில்தான் கிடந்தார். வெளியே எடுத்திருக்கவில்லை. எடுப்பதற்குக் கிரேன் வரவேண்டியிருந்தது. கிரேன்காரனும் அன்றைக்குப் பூஜை போட்டு வண்டிக்கு மாலை சாத்தியிருந்தான். மாலையைக் கழற்றிவிட்டு வரத் தாமதமாகிவிட்டது.

தீனதயாளன் ஹைட்ராலிக் மெக்கானிக். ராசிபுரம் போகும் சாலையில் தகரம் வேய்ந்த ஒரு பட்டறை அவருடையது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, டிப்பர், பொக்லைன் என்று எண்ணெயின் அழுத்தத்தில் ஏறி இறங்குகிற எது கெட்டாலும் அந்தப் பக்கத்துக்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள். ஜாக்கி என்று அவர்கள் சொல்வது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு குழாய், அதற்குள் வழவழப்பான ஓர் இரும்புத் தண்டு. பம்பு எண்ணெயைத் தள்ளினால் தண்டு வெளியே வரும், லாரியின் பாடி எழும்பும். எண்ணெய் உள்ளேயே அடைபட்டிருக்கும்வரை பாடி அப்படியே நிற்கும். வெளியே விட்டால் இறங்கும்.

“ஏத்தறதுக்கு பம்பு இருக்குது. யாரு வேணும்னாலும் ஏத்தலாம்” என்பார் தயாளன். “ஏத்துனத அங்கயே நிக்க வெக்கறதுக்குத்தான் ஆளு வேணும்.”

இதை அவர் வேலைக்கு வருகிறவர்களிடம் மட்டும் சொன்னால் பரவாயில்லை. பெண்பார்க்கக் குமாரபாளையம் வந்தபோது மஞ்சுளாவின் அப்பாவிடமும் இதையேதான் சொன்னார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்ட மனிதர் திருதிருவென்று விழித்தார். “நிறுத்தற வேலையாம்மா, கெவர்மென்டா?” என்று பிறகு சமையற்கட்டில் வந்து ரகசியமாகக் கேட்டார்.

தயாளன் பிறந்தது தறிக்காரக் குடும்பத்தில். வீட்டில் விசைத்தறி நான்கு ஓடின. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் விசைத்தறி தானாக நின்றுவிடும். அதற்கென்று ஒரு சின்ன முள்கரண்டி போன்ற சாமான் தறியில் இருக்கிறது. நூல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் அது தொட்டுப் பார்க்கும், இல்லையென்றால் தறியை நிறுத்தும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்கி வளர்ந்தவர் தயாளன். தறி ஓடும்போது தூங்குவாராம், நின்றால் விழித்துக்கொள்வாராம். பிறகு தறியை அண்ணனிடம் விட்டுவிட்டு ரிக் வண்டியோடு சத்தீஸ்கர், ஒடிசா என்று பல வருஷம் அலைந்தார். அங்கே ஒரு காட்டில், ரிக்கின் கோபுரத்தைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கியின் எண்ணெய்க்குழாய் வெடித்து, கோபுரம் சாய்ந்து, கூட வேலை செய்தவனின் கை போனது. அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்தான். எல்லாவற்றையும் விடத் தறி மேலானது என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் பட்டறை போட்டார்.

அவருக்குப் பட்டப்பெயர் பிரேக்கு. ஸ்கூட்டரில் போனால் திருப்பம் கண்ணில் பட்டதுமே பிரேக்கைத் தொடுவார். நிறுத்திய வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். மகள் நித்யஸ்ரீ சேலத்தில் காலேஜ் போக ஆரம்பித்தபோது, அஸ்தம்பட்டியில் பஸ் நின்ற பிறகுதான் இறங்கவேண்டும் என்று தினமும் சொல்லி அனுப்புவார். “நிக்காம எறங்கறதுக்கு நான் என்ன கண்டக்டராப்பா?” என்று அவள் கேட்பாள். பின்னால் உட்கார்ந்து போகும்போது மஞ்சுளாவும் சும்மா இருக்கமாட்டாள். “ஏனுங்க, நான் எறங்கி நடக்கட்டுங்களா? முன்னாடி போயி சோத்த ஆக்கி வெப்பேன்.”

மஞ்சுளாவுக்குப் பட்டறையில் வேலை இருந்தது. கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவதும், ஜாக்கிக்குள் போடும் ரப்பர் வளையங்களை விரலால் தடவிக் கீறல் பார்ப்பதும் அவள்தான். கண்ணுக்குத் தெரியாத கீறல் விரலுக்குத் தெரியும். ஆகவே லாக் வால்வு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜாக்கியின் அடியில், எண்ணெய் கொண்டுவரும் ரப்பர் குழாயான ஓஸ் வந்து சேரும் வாயில் உட்காருகிற கைக்கு அடக்கமான இரும்பு அது. உள்ளே ஒரு வில்லை, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். எண்ணெய் சாதாரணமாகப் போனால் வழிவிடும். ஓஸ் வெடித்து எண்ணெய் பீறிட்டுக்கொண்டு ஓடினால் வில்லை அந்த வேகத்தில் சட்டென்று போய் வாயை அடைத்துக்கொள்ளும். தண்டு இருக்கிற இடத்தில் நிற்கும். மேலே நிற்கும் பாடியும் நிற்கும். தறியில் நூல் அறுந்தால் நிறுத்துகிற முள்கரண்டிக்கு இது தம்பி என்பார் தயாளன்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சரக்கைக் கொட்டிவிட்டு வெறும் பாடியை டிரைவர் வேகமாக இறக்கினால், ஓஸ்தான் வெடித்துவிட்டது என்று வால்வு அடைத்துக்கொள்ளும். பாடி பாதியில் தொங்கும். மறுபடி கொஞ்சம் ஏற்றி, மெதுவாக இறக்கவேண்டும். கல் கிரஷரில் பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஆரன் அடிப்பான், அவனுக்குப் பின்னால் நிற்கிறவன் தாயைப் பழிப்பான். அதனால் அந்தப் பக்கத்து டிப்பர்காரர்கள் வால்வைத் திறந்து வில்லையையும் ஸ்பிரிங்கையும் எடுத்துப் போட்டுவிட்டு, வெறும் கூட்டை மட்டும் திருப்பி மாட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வால்வு இருப்பதுபோலவே இருக்கும். எண்ணெய் ஒழுகாது. வண்டிக்கு எப்.சி. பார்க்கிற அதிகாரிகளும் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அர்த்தநாரிக்கு டிப்பர் ஆறு ஓடின. ஊருக்கு வடக்கே காடும் கிணறும் உள்ள குடும்பம். தயாளனைவிட நாலு வயது மூத்தவர். பழக்கம் பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே. வால்வு வாங்கி மாட்டச் சொல்லி தயாளன் அவரை வருஷக்கணக்காக நச்சரித்தார். கடைசியில் ஆவணி மாதம் ஒரு வண்டி மட்டும் பட்டறைக்கு வந்தது. தயாளன் புது வால்வு போட்டார். தன் கை பட்ட சாமான் எதிலும் ஆணியால் மூன்று புள்ளி குத்துவது அவர் வழக்கம், இதிலும் குத்தினார். டிரைவர் சின்னராஜ் பாடியை ஏற்றி இறக்கிக் காட்டினான். முப்பது வயது தாண்டியவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

“ஏன் தயாளா, எறங்கறதுக்கு இவ்வளவு நேரமா?” என்றார் அர்த்தநாரி. “இது எறங்கறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்துருவேனே.”

“குடிச்சுட்டு வாங்கண்ணா. உசுரோட இருந்து குடிக்கறீங்கள்ல.”

“நீ டிப்பருக்கு லாயக்கில்ல. மலைக்கோயில்ல திருவிழாவுக்குச் சாமி படியெறங்கி வாராருல்ல, அவருக்கு ஒரு ஜாக்கி போட்டுக் குடு. அவருதான் அவசரப்பட மாட்டாரு.”

“அவரும் வாயத் தொறந்து கேக்கட்டும், போடறேன்.”

சின்னராஜ் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துச் சிரித்தான். சாமான் கழுவிக்கொண்டிருந்த மஞ்சுளாவும் சிரித்தாள். இந்தச் சிரிப்பையும் அவளால் மறக்கமுடியவில்லை.

வால்வை நம்பினாலும் தயாளன் அதோடு விடுகிறவர் அல்ல. தூக்கி நிறுத்திய பாடிக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேசிசுக்கும் நடுவே முட்டுக்கட்டை வைக்காமல் யாரையும் உள்ளே குனியவிடமாட்டார். பழைய நாளில் அது மரமாக இருந்திருக்கும். இப்போது இரும்பானாலும் பெயர் முட்டுக்கட்டைதான். அவருடையது ஒரு கழித்துப்போட்ட ரிக்கிலிருந்து அறுத்தெடுத்த சதுரக் குழாய், நெஞ்சுயரம், இரண்டு முனையிலும் தகடு பற்றவைத்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதைத் தேய்த்து மஞ்சள் பெயிண்ட் அடித்து, மறுநாள் எல்லாச் சாமானுக்கும் முதலில் சாமி படத்தின் கீழே அதைத்தான் நிறுத்துவார். ஸ்பானர், சுத்தியல், வெல்டிங் மிஷின் எல்லாம் அதற்கப்புறம். திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துக் கற்பூரம் காட்டினால் முடிந்தது. அதன்பிறகு படைத்த சாமானைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு இன்னொரு கற்பூரம் காட்டி எடுத்தால்தான் அது கருவி. அதுவரை அது சாமி. அந்த ஊர்ப் பட்டறைகளில் இதைக் கேள்வி கேட்டவர் யாருமில்லை. தயாளனும் கேட்டதில்லை.

இந்த வருஷம் முந்தின நாள் மாலை ஒரு ரிக் வந்து உட்கார்ந்துகொண்டதில் பெயிண்ட் வேலை பிந்திவிட்டது. முட்டுக்கட்டையைச் செங்கல் மேல் கிடத்தி மேல்பக்கமும் இரண்டு விலாவும் அடித்தார். அடிப்பக்கம் அடிக்க, மேலே காயவேண்டும்.

“காலைல பாத்துக்கலாம் வாங்க, பசிக்குது” என்றாள் மஞ்சுளா.

“பூஜை எடுத்தப்புறம் திருப்பிப் போட்டு அடிச்சுக்கறேன். அந்தப் பக்கத்தச் செவுத்தோட சாத்திட்டா சாமிக்குத் தெரியாது.”

“சாமிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரிஞ்சா பரவால்ல. நீ வரம் தரப் போறதில்ல.”

பூஜை நல்லபடியாகத்தான் நடந்தது. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பாயில் சாய்ந்தார். அப்போதுதான் அர்த்தநாரியின் போன். அவர் ஷெட்டில் சாயங்காலம் பூஜை. ஆறு டிப்பரும் கழுவி, மாலை கட்டி வரிசையாக நிற்கின்றன. ஆவணியில் புது வால்வு போட்ட வண்டியில் மட்டும் ஜாக்கியடியில் ஓஸ் நட்டிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. போட்ட கோலமெல்லாம் எண்ணெயாகிவிட்டது. ஒரு நிமிஷ வேலை, வந்து ஒரு திருகு திருகிவிட்டுப் போ என்றார்.

“ஸ்பானர் எல்லாம் சாமிக்கு வெச்சாச்சுங்கண்ணா.”

“வண்டில ஒண்ணு கெடக்குது. நீ கையை வீசிட்டு வா.”

தயாளன் சட்டையை மாட்டினார். “பொரிகடல எனக்கும் எடுத்து வெய்யி” என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டர் சக்கரத்துக்கு வைத்த கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் போனார்.

தயாளன் செத்த மூன்றாம் நாள், அங்கே நடந்ததைச் சின்னராஜ் வந்து சொன்னான். வீட்டுக்குள் வரவில்லை. கொல்லைப்புறம் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

பாடியை ஏற்றி நிறுத்தினான் சின்னராஜ். எண்ணெய் சொட்டுகிற நட்டு அப்போதுதான் கைக்கு எட்டும். தயாளன் குனியப் போனவர் நிமிர்ந்து, முட்டுக்கட்டை எங்கே என்று கேட்டார். ஆறு வண்டியின் முட்டுக்கட்டைகளும் வெள்ளி பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, வாழையிலை மேல் வரிசையாகப் படைக்கப்பட்டிருந்தன.

“ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணா. வேலை முடிஞ்சதும் தொடச்சு வெச்சர்றேன்.”

அர்த்தநாரியின் அம்மா சென்னியம்மாள் திரி திரித்துக்கொண்டிருந்தார். “பொட்டு வெச்சத எடுத்து வண்டிக்கு அடியில போடுவாங்களா சாமி? நீயே சொல்லு. காலைல எடுத்துக்கலாம்.”

அது தன் பட்டறைச் சட்டமும்தான் என்பதால் தயாளன் அந்த அம்மாளிடம் வாதாடவில்லை. அர்த்தநாரியிடம் திரும்பினார்.

“லாக் வால்வு இருக்குதுல்லண்ணா? நான் போட்டது?”

“அப்படியேதான் இருக்குது. போ போ, நல்ல நேரம் போவுது.”

“நெசமாத்தானே?”

“அட, உங்கிட்டப் பொய் சொல்லுவனா தயாளா?”

“அத நம்பித்தானுங்க்கா அண்ணன் குனிஞ்சாரு” என்றான் சின்னராஜ். “வால்வுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க. போன மாசமே எடுத்தாச்சு. ஓனருதான் எடுக்கச் சொன்னாரு, நாந்தான் எடுத்தேன். அவரு இருக்குதுன்னு சொன்னப்ப நான் டயர்கிட்ட நின்னுட்டிருந்தேன். வாயத் தொறக்கோணும்னு நெனச்சேன். நெனைக்கறதுக்குள்ள அண்ணன் ஸ்பானரப் போட்டுட்டாரு. நட்டு திரும்புச்சு, பழைய ஓஸு, கழுத்தோட பிச்சுக்கிச்சு. ஒரே ஒரு சத்தந்தானுங்க.”

மஞ்சுளா அழவில்லை. தொட்டிக் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் போய் இறுக்கி மூடினாள்.

அர்த்தநாரி ஏன் பொய் சொன்னார் என்று அவள் வெகுவாக யோசித்தாள். பெரிய காரணம் ஏதாவது கிடைத்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை. வால்வைப் பிடுங்கிவிட்டோம் என்று சொன்னால் தயாளன் திட்டுவார், வேலை செய்யாமல் திரும்பிப் போவார், கோலத்தில் எண்ணெய் சொட்டும், பூஜை பிந்தும். அவ்வளவுதான். ஒரு மெக்கானிக்கிடம் ஏச்சு வாங்கக் கூச்சப்பட்டு ஒரு மனிதர் சொன்ன பொய்.

பொய்யைவிடக் கசந்தது அதற்கப்புறம் அவர் ஊரெல்லாம் சொன்ன மெய். “முட்டுக்கட்டை வெக்காமப் போயிட்டானே. ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன், தனக்கு ஒண்ணு வெச்சுக்கலையே.” எழவுக்கு வந்தவர்கள் இதையே திருப்பிச் சொன்னார்கள். காவல் நிலையத்தில் எழுதியதும் இறந்தவரின் சொந்த அஜாக்கிரதை என்றுதான். தெரியாத ஒருவர், தயாளன் குடித்திருந்தாரா என்று அவளிடமே கேட்டார். பூஜை நாளில் போனவன் புண்ணியவான் என்று இன்னொருவர் ஆறுதல் சொன்னார். ஆயுள் முழுக்க நிறுத்துவதையே வேலையாகக் கொண்டிருந்தவர், நிறுத்தத் தெரியாதவர் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்திருந்தார்.

மஞ்சுளாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தயாளன் கேட்ட கேள்வியையும், தான் சொன்ன பதிலையும், அர்த்தநாரி நாலு பேர் முன்னால் ஒருமுறை சொல்லவேண்டும். அந்த ஒரு வாக்கியம் போதும்.

அந்த வாரம் ஷெட்டிலிருந்து ஒரு சாக்குப்பை வந்தது. வண்டியடியில் கிடந்ததையெல்லாம் யாரோ அள்ளிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். தயாளனின் செருப்பு, உடைந்த செல்போன், எண்ணெய் ஊறிய துண்டு. கூடவே கிரேன்காரர்கள் ஓஸைப் பிரித்தபோது கழன்ற வால்வும். அதில் மூன்று புள்ளியைப் பார்த்துவிட்டு, செத்தவரின் சாமான் என்று நினைத்திருப்பார்கள். மஞ்சுளா அதை மண்ணெண்ணெயில் கழுவி, விரலை உள்ளே விட்டாள். விரல் தடையில்லாமல் அந்தப் பக்கம் வந்தது.

கருமாதியன்று அர்த்தநாரி தயாளனின் பெரிய படம் ஒன்றைச் சட்டம் போட்டு எடுத்துவந்திருந்தார். அவரே ஆணி அடித்து மாட்டினார், அவரே மாலை போட்டார். சொந்தக்காரர்கள், தறிக்காரர்கள், லாரிக்காரர்கள் என்று கூட்டம். பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. இலையில் கை வைத்தபடி அர்த்தநாரி பக்கத்து ஆளிடம் தயாளனின் பெருமையைச் சொல்லிவிட்டு, “ஒரு முட்டுக்கட்டை, ஒரே ஒரு முட்டுக்கட்டை” என்று முடித்தார்.

மஞ்சுளா உள்ளேயிருந்து வந்து அவர் இலைக்கு எதிரே நின்றாள்.

“அண்ணா, இதக் கொஞ்சம் கையில வாங்குங்க.”

“என்ன அம்மிணி இது?”

“உங்க வண்டி வால்வு. உள்ள விரல உட்டுப் பாருங்க.”

அவர் வாங்கவில்லை. 

“அன்னைக்கு எங்கூட்டுக்காரரு குனியறதுக்கு முன்னாடி உங்கள ஒண்ணு கேட்டாரு. நீங்க ஒண்ணு சொன்னீங்க. அத இங்க இன்னொருக்காச் சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.”

அர்த்தநாரி சாப்பிட்ட கையை இலைமேல் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. யாராவது குறுக்கே பேசமாட்டார்களா என்று காத்திருக்கிறவர்போல இருந்தார். 

“டிரைவர் பசங்க என்னத்தக் கழட்டறானுங்க, என்னத்த மாட்டறானுங்கன்னு எனக்கென்ன அம்மிணி தெரியும்?” என்றார். சொல்லிவிட்டு, பந்தியின் கோடியைப் பார்த்தார்.

கோடியில் சின்னராஜ் உட்கார்ந்திருந்தான். பந்தலே அந்தப் பக்கம் திரும்பியது. பிசைந்த சோறு கையில் இருக்க அவன் எழுந்து நின்றான்.

“நாந்தானுங்க கழட்டுனேன்.”

“யாரு சொல்லி?” என்றாள் மஞ்சுளா.

அவன் அவளைப் பார்க்கவில்லை. “நானாத்தானுங்க.”

பந்தலில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அது அவளுக்குக் கேட்டது. ஒரு ஆள் கிடைத்துவிட்டான், இனிச் சாப்பிடலாம் என்கிற மூச்சு. தயாளனின் பங்காளி ஒருவர் ஓடிப்போய்ச் சின்னராஜின் பிடரியில் அடித்தார். அடித்தவரை நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். சென்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் பொய்யில்லை. “அதான் பையன் ஒத்துக்கிட்டானே, உட்ரும்மா” என்று யாரோ மஞ்சுளாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். வால்வு அவள் கையிலேயே இருந்தது. பந்தலில் அடுத்த பந்திக்கு இலை போட்டார்கள்.

அவள் கேட்ட வாக்கியம் வரவில்லை. அதற்குப் பதிலாக வந்ததும் பொய்யில்லை, பாதி மெய். அந்தப் பாதியின் பாரம் முழுக்க, தானாக வந்து உண்மையைச் சொன்ன ஒரே ஆளின் தலையில் இறங்கிவிட்டது. இறக்கிவிட்டவள் அவள்தான்.

இரண்டு நாள் கழித்து அர்த்தநாரி போன் செய்தார். “சின்னராச வேலைய உட்டு நிறுத்திப்போட்டேன் அம்மிணி. உனக்காகத்தான்.”

“எனக்காகவா?” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அந்த டிப்பர் ஐப்பசியில் மறுபடி ஓட ஆரம்பித்தது. புது ஜாக்கி, புது ஓஸ், புது டிரைவர். கிரஷர் பக்கம் போய்வந்த நித்யஸ்ரீ பார்த்திருக்கிறாள். பாடி முன்போலவே ஒரே மூச்சில் தடாலென்று இறங்குகிறதாம்.

பட்டறையை மஞ்சுளா திறக்கவேயில்லை. கார்த்திகை பிறந்து ஒரு காலையில் சின்னராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

“எடப்பாடிப் பக்கம் ஒரு டிப்பருக்குப் போறனுங்க்கா. பழைய வண்டி. அதுல முட்டுக்கட்டையே இல்லீங்க. ஓனருகிட்டக் கேட்டா சிரிக்கறாரு.” நிறுத்திவிட்டுச் சொன்னான். “அண்ணனோடது பட்டறையில இருக்குதுங்களா?”

அவள் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.  பட்டறைப் பூட்டு இறுகியிருந்தது. அவன் எண்ணெய் விட்டுத் திறந்தான். ஷட்டரை அவளே தூக்கினாள்.

உள்ளே பூஜை வைத்தது வைத்தபடி இருந்தது. பொரியை எலி தின்றிருந்தது. எலுமிச்சம்பழம் கறுத்துச் சுருங்கியிருந்தது. மாலை நாராகிவிட்டது. ஸ்பானர்களின் குங்குமம் மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது. நடுவில் மஞ்சளாக நின்றது முட்டுக்கட்டை.

“இன்னும் பூஜை எடுக்கலீங்களா?”

“எடுக்கற ஆளு வரல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கற்பூரம் எதுவும் தேடவில்லை.

“அன்னைக்குப் பந்தல்ல ஏன்டா அப்படிச் சொன்ன?”

“இந்த ரோட்லதானுங்க்கா நான் வண்டி ஓட்டோணும். அவரு பேரச் சொன்னா எவன் எனக்குச் சாவியக் குடுப்பான்?”

“எங்கிட்ட மட்டும் சொன்னா போதுமா?”

“போதாதுங்க.”

 சாலையில் ஒரு ரிக் வண்டி போய், தகரக்கூரை அதிர்ந்து அடங்கியது.

“அக்காவுக்கு எம்மேல கோவமுங்களா?”

“கோவந்தான். இத எடுத்துட்டுப் போ. நீ கேட்டா அவனுங்க சிரிப்பானுங்க. சிரிச்சா சிரிக்கட்டும். வெக்காம மட்டும் குனியாத.”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், முட்டுக்கட்டையை இரண்டு கையாலும் சுவரிலிருந்து பிரித்துத் தோளில் ஏற்றினான். திருநீறு உதிர்ந்தது. வெயிலுக்கு வந்தபோது, இதுவரை சுவரோடு சாத்தியிருந்த பக்கம் அவளை நோக்கித் திரும்பியது. மூன்று பக்கமும் மஞ்சளாக இருந்தது. நான்காவது பக்கத்துக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.